பம்பருக்காக வண்டியை வெட்டினோம்

ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பிக்கப் வண்டிகளை எதிரே நின்று பார்த்தால் ஒன்று தெரியும். ஹெட்லைட்டுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கு எதிரே, மட்கார்டின் மூலை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சமவெளியில் ஓடும் அதே கம்பெனி வண்டியில் இந்த வெட்டு இருக்காது. புதிதாகப் பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். இன்ஜின் சூடாகாமல் இருக்க என்கிறான் ஒருவன். மலைக்கென்று கம்பெனியே தனியாகச் செய்து அனுப்புகிறது என்கிறான் இன்னொருவன். காட்டுப்பன்றி இடித்தால் தகடு மடங்காமல் இருப்பதற்காக என்று மூன்றாமவன் ஒரு வீடியோவே போட்டுவிட்டான். அதற்குக் கீழே ‘அருமையான தகவல் ப்ரோ’ என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள்.

அந்த வெட்டை முதன்முதலில் போட்டவன் நான். நேற்று அந்தப் பிள்ளைகளில் ஒருவன் வந்து, “இன்னா மாமா, அது நீங்க ஆரம்பிச்சதாமே, எதுக்கு?” என்று கேட்டான். ஒரு பம்பருக்காக என்றேன். “இப்ப எந்த வண்டிலயும் அந்த பம்பர் இல்லியே?” என்றான். அப்போதும் இல்லை என்றேன். எனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டான். எனவே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் செபாஸ்டியன். டிங்கர் வேலை. அடிபட்டு நசுங்கிய வண்டித் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறவனுக்குப் பெயர் டிங்கர். அப்பா அமிர்தியில் காட்டு இலாகாவுக்குக் கூலிக்குப் போனவர். படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை என்று நான் வீட்டில் சொன்னேன். நான் படிப்புக்கு ஒத்துவரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதனால் ஒடுகத்தூரில் காதர் பாய் பட்டறையில் கொண்டு வந்து விட்டார்கள். போல்ட்டுகளை டீசலில் கழுவியது, பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசிய இடத்தைத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்தது, சுத்தியலால் தகட்டை அடித்ததைவிடக் கட்டை விரலை அதிகம் அடித்தது, இப்படியே சில வருஷங்கள் போயின. அதற்குப் பிறகுதான் என் கையில் வெட்டும் வேலையைக் கொடுத்தார் பாய்.

காதர் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் எங்களை ‘டேய்’ என்பவர், “செபாஸ்டியன், நீங்க கொஞ்சம் இங்க வர்றீங்களா?” என்று கூப்பிட்டால் அன்றைக்கு அவனவன் குலை நடுங்கும். என்னைத் தொழிலில் நிறுத்தியது அவர் திட்டிய திட்டு கிடையாது. அந்த ‘ங்க’தான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. வெட்டுகிற வேலை வந்தால் முதலில் தகட்டின்மேல் சாக்பீஸால் கோடு போட வேண்டும். கோடு போட்டதும் தகடு வெட்டும் கிரைண்டரைத் தொடக்கூடாது. பட்டறையில் இருக்கும் எல்லோரும், வண்டிக்காரரையும் சேர்த்து, எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே தூரத்திலிருந்து அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து கோட்டை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்த பிறகுதான் வெட்டு.

“டேய் செபா, இரும்பு எங்கயும் ஓடிப்போய்டாது. டீ குடிச்சிட்டு வா. வெட்னத ஒட்டலாம். வெட்டாத மாதிரி ஒட்ட முடியாது” என்பார்.

டீக்கடைக்காரர் அவருக்குச் சொந்தம் என்பதால்தான் இந்த முறை என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது ஊரில் எல்லோருக்கும் இரும்பு பம்பர் ஆசை வந்திருந்தது. கம்பெனி வைத்துக் கொடுக்கிற பம்பர் வெறும் பிளாஸ்டிக்காம், கௌரவமாக இல்லையாம். மலைப்பாதையில் மாட்டுவண்டி வேகத்தில்தான் போக முடியும். மோதினாலும் எதிரே வருகிறவன் மாமன் மச்சானாகத்தான் இருப்பான். ஆனாலும் யானைப் படையை எதிர்த்துப் போகிறவர்கள் மாதிரி முன்னால் இரும்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். இந்த பம்பர்கள் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வண்டியை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் வண்டியில் வைத்தால் மூலையில் இடிக்கும். இடிக்கிற இடத்தில் மட்கார்டை வெட்ட வேண்டும். வெட்டுகிறவன் நான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பம்பர் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், முடுக்கப்படும். கேபின் அதே சேசிஸின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் நடுவில் ரப்பர் வைத்து. வண்டி குலுங்கும்போது கேபின் ஒரு பக்கம் ஆடும், பம்பர் ஆடாது. ஆகவே வெட்டின மூலைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டே தீர வேண்டும். வண்டிக்காரர்களுக்கு இந்த இடைவெளி பிடிக்காது. ஒட்டினாற்போல் இருந்தால்தான் அழகாம். ஒரு நிலக்கடலை வியாபாரி எங்களோடு சண்டை போட்டுவிட்டு வேறு பட்டறையில் இடைவெளி இல்லாமல் வைத்துக்கொண்டு போனார். மலையில் ஒரு நடை போய் வந்ததும் இரண்டு ஹெட்லைட்டும் விரிசல். பாய் அவரை உட்கார வைத்து, “வாங்க, டீ சாப்பிடுங்க” என்றார். எனக்கு அந்த வியாபாரியைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இப்போது அந்தோனியார் பம்பருக்கு வருகிறேன்.

எங்கள் பங்குச் சாமியார் மலைமேல் ஒரு சின்ன மருந்தகம் நடத்திவந்தார். அதற்காக ஊரே சேர்ந்து ஒரு புதுப் பிக்கப் வாங்கியிருந்தது. மருந்து, அரிசி, சிமெண்ட் எல்லாம் மேலே போகும். புளி, சாமை, சீக்காளி எல்லாம் கீழே வரும். வண்டியை ஓட்டியவன் வெள்ளையன். மலைக்காரன், மேலே நிலம் வைத்துச் சாமை போடுகிற குடும்பம். சாமியார் வண்டிக்கு ஜெபமாலை மாட்டினார். அவன் அதற்குக் கீழே எலுமிச்சம்பழம் கட்டினான். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஆடிக்கொண்டிருந்தன.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஆரோக்கியராஜ் வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்கு மூச்சடைத்தபோது சாமியாரின் பழைய ஜீப்தான் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அம்மா பிழைத்தால் சாமியார் வண்டிக்கு ஊரே பார்க்கிற மாதிரி ஒரு பம்பர் வைக்கிறேன் என்று அவன் அங்கிருந்தே அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டான். மற்றவர்கள் மெழுகுவர்த்தி நேர்வார்கள், முடி கொடுப்பார்கள். இவன் பார்க்கிற வேலை அப்படி.

அம்மா பிழைத்துவிட்டாள். பம்பரும் வந்து சேர்ந்தது. கம்பளி, சோப்பு, பேரீச்சம்பழத்தோடு கப்பலில் வந்த பெரிய மரப்பெட்டியைப் பட்டறை வாசலில் பிரித்தோம். உள்ளே இருந்ததைப் பாய் சாண் போட்டு அளந்தார். அது அந்த நாட்டுப் பாலைவனத்தில் ஓடும் மாட்டுக்கொட்டகை அளவு வண்டிக்குச் செய்தது. நம் பிக்கப்பைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. இதிலென்ன, இரண்டு மூலையையும் வெட்டிக் குறைத்து வெல்டிங் வைத்தால் தீர்ந்தது என்று நான் கிட்டே போனேன்.

அப்போதுதான் எழுத்தைப் பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு விரற்கடை மிச்சமில்லாமல், கெட்டியான இரும்பு எழுத்துகளைப் பற்ற வைத்திருந்தான்: புனித அந்தோனியார் துணை. இடப்பக்கம் வெட்டினால் புனிதம் போகும். வலப்பக்கம் வெட்டினால் துணை போகும். நடுவில் வெட்டினால் அந்தோனியாரே போய்விடுவார்.

சாமியார் கையைப் பிசைந்தார். “நேர்ச்சைப்பா அது. அதுல கைய வெச்சோம்னு தெரிஞ்சா அவன் மனசு ஒடிஞ்சிடும். திருவிழாவுக்கு லீவுல வர்றான். மருந்தகத்துக்குக் கூரையும் போட்டுத் தர்றேன்னு சொல்லிக்கீறான்” என்றார். நேர்ச்சையைப் பற்றிய கவலையும் கூரையைப் பற்றிய கவலையும் அவர் முகத்தில் சரிசமமாக இருந்தன.

பாய் பம்பரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எழுத்தின்மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பிறகு என்னிடம், “பேர எப்பிடிடா வெட்றது? இதுல பேரு கீது. வண்டில பேரு இல்ல. வண்டிய வெட்டு” என்றார்.

இன்று யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. ஒரு பாயும், ஒரு சாமியாரும், ஒரு டிங்கரும் சேர்ந்து பழைய இரும்பைக் காப்பாற்றுவதற்காகப் புது வண்டியை வெட்டுவது என்று முடிவெடுத்தோம். அன்றைக்கு யாருமே சிரிக்கவில்லை. வெள்ளையன் மட்டும் அழுதான்.

என்னைத் தனியாக, புளி மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனான். “வண்டிய வெட்டாதீங்கணா. பம்பர வெட்டுங்க. எழுத்து போனா இன்னா? சாமிக்கு அவரு பேரு தெரியாதா?” என்றான்.

அவனே தொடர்ந்தான். “பொன்னிக்கு எட்டாம் மாசம்ணா. மொத கொழந்தைக்கு வலி வந்தப்போ தூளி கட்டித் தூக்கினு வந்தோம். பாதி வழில பூட்ச்சி. அதுக்கப்புறந்தான் நான் டிரைவிங் கத்துக்கினேன். வண்டி என் கைல இருக்கணும்னு. இப்ப நீங்க வெட்டி, வலுவு போயி, எங்கனா நடு வளைவுல நின்னுபூட்டா நான் இன்னா பண்ணுவேன்?”

வண்டிக்கு வலுவு சேசிஸில் இருக்கிறது, மட்கார்டில் இல்லை என்று தொழில் முறையில் விளக்கம் சொன்னேன். அவன் கேட்டது அந்த விளக்கத்தை இல்லை என்று எனக்கே தெரிந்தது. திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். பாய் எழுந்து போய் வண்டியின் மூலையைத் தடவிப் பார்த்தார்.

“சரிங்க. ஒழுங்கா வெட்டுங்க” என்றார்.

‘ங்க’ போட்டுவிட்டார். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பயந்து நான் ஒரு வேலையைத் தொட்டதில்லை.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினோம். கிரைண்டர் பொறி பட்டால் கண்ணாடி முழுக்கப் புள்ளி விழும் என்பதால் சாக்கை நனைத்துக் கண்ணாடிமேல் போட்டோம். பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தோனியாரை இரண்டு ஜாக்கியின்மேல் ஏற்றிச் சேசிஸுக்கு நேராக நிறுத்தினோம். இரண்டு முனையும் மட்கார்டின் மூலையில் போய் முட்டின. முட்டிய இடத்தில் பேப்பர் டேப் ஒட்டி அதன்மேல் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு டீக்கடை. சாமியாரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளையன் மட்டும் வரவில்லை, வண்டியின் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

டீக்கடையிலிருந்து பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பம்பரைப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறேன், சக்கரத்தைப் பார்த்துப் போடவில்லை. மலையில் சக்கரம் நேராக எங்கே நிற்கிறது? முழுக்க ஒடித்த சக்கரம், அதுவும் கல்லின்மேல் ஏறிய சக்கரம், எங்கே வந்து நிற்கும் என்றல்லவா பார்க்க வேண்டும்! திரும்பி வந்து ஒரு பக்கச் சக்கரத்தை மரக்கட்டையின்மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முன்பாரம் இறங்கட்டும் என்று பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் வண்டியின் முகப்பில் ஏறி உட்கார்ந்தோம். சாமியாரும் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். டயர் எங்கே வருகிறது என்று தெரிந்தது. மறுபக்கமும் அப்படியே பார்த்தோம். பழைய கோட்டை அழித்துவிட்டு இன்னும் மேலே, இன்னும் சாய்வாகப் புதுக் கோடு போட்டேன். அந்தச் சாய்வைத்தான் இன்றைக்கும் மலை வண்டிகளில் பார்க்கிறீர்கள்.

கோட்டுக்கு ஒரு விரல் உள்ளே தள்ளித்தான் முதல் வெட்டு. வைத்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று போனேன். உள்தகடும் வெளித்தகடும் சேர்த்துப் பற்ற வைத்த விளிம்பைத் தொடவே இல்லை. வெட்டிய விளிம்பைச் சுத்தியலால் உள்பக்கம் மடித்து, அரம் போட்டு, துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயிண்ட், அதன்மேல் ரப்பர் பட்டை. வெட்டி விழுந்த இரண்டு மூலையையும் வெள்ளையன் துண்டில் சுற்றி எடுத்துப் போனான். அவன் வீட்டு அடுப்புக்கு அவை காற்று மறைப்பாக நின்றதைப் பின்னாளில் பார்த்தேன்.

கடைசியாக ஒரு தகராறு வந்தது. யாரும் திருடிக்கொண்டு போகாதபடி பம்பரைச் சேசிஸோடு வெல்டிங் வைத்துவிடச் சொல்லி ஆரோக்கியராஜ் போனில் சொல்லியிருந்தான். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. “வெல்டிங் வெச்சா அது கல்யாணம். வண்டிக்கும் பம்பருக்கும் சிநேகம் போதும்” என்று போல்ட்டு போட்டார். எல்லாப் போல்ட்டும் ஒரே அளவு. அதற்கேற்ற ஸ்பேனர் ஒன்றைத் துணியில் சுற்றி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்து வெள்ளையனிடம் காட்டினார். அவன் முறைத்துக்கொண்டே தலையாட்டினான்.

திருவிழா அன்று பம்பருக்கு மாலை போட்டார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஆரோக்கியராஜ் அதன் பக்கத்தில் நின்று எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டான். நம்பர் பிளேட்டுக்கு இடமில்லாமல் கம்பியால் கீழே தொங்கவிட்டிருந்தோம். அழகான வேலை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எதை வெட்டினோம் என்று அவன் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

அவன் வளைகுடாவுக்குத் திரும்பிப் போன பிறகு மழை பிடித்தது. அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. வெள்ளையனும் அவன் மச்சானும் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

காலையில் பொன்னிக்கு வலி எடுத்திருக்கிறது. வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. எதற்காக அவன் டிரைவிங் கற்றுக்கொண்டானோ அந்த நாள் வந்துவிட்டது. மனைவியையும் மச்சானையும் ஏற்றிக்கொண்டு இறங்கினான். பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. உள்பக்கச் சரிவிலிருந்து மண் இறங்கிப் பாதையைப் பாதி மூடியிருந்தது. வெளிப்பக்கம் பள்ளம், தடுப்புச் சுவர் கிடையாது. மண்ணின்மேல் ஏறித்தான் திரும்ப வேண்டும். ஏறப் போனால் பம்பரின் முனை மண்ணில் குத்தி நின்றுவிட்டது. பின்னால் எடுத்துத் திரும்ப ஒடித்தால் மறுபடியும் குத்தியது. இன்னும் பின்னால் எடுக்கப் பள்ளம் விடவில்லை. உள்ளே பொன்னி சீட்டைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். புனித அந்தோனியார் துணை மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது.

வெள்ளையன் என்னைத் திட்டினானாம். பாயைத் திட்டினானாம். ஆரோக்கியராஜின் அம்மாவையும், அவள் பிழைத்ததையும் சேர்த்துத் திட்டினானாம். அப்புறம்தான் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பேனர் ஞாபகம் வந்திருக்கிறது. ஒரே ஸ்பேனர், எல்லாப் போல்ட்டுக்கும் பொருந்தியது. மழையிலேயே கீழே படுத்துக் கழற்றினான். இரண்டு பேருமாகப் பம்பரைத் தூக்கி, அடுத்து வருகிறவன் விழாமல் இருக்கட்டும் என்று வளைவின் பள்ளத்துப் பக்கம் நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தார்கள். இப்போது சக்கரத்துக்கு முன்னால் எதுவுமே இல்லை. பம்பரும் இல்லை, மட்கார்டின் மூலையும் இல்லை. டயர் நேராக மண்ணைத் தொட்டு ஏறிவிட்டது. கம்பெனி கொடுத்த மூலை அப்படியே இருந்திருந்தால் அதுவே மண்ணில் குத்தியிருக்கும்.

சில நாள் கழித்து அந்த வண்டி பட்டறைக்கு வந்தது. முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது முகப்பு. வெள்ளையன் இறங்கி வந்தான்.

“பம்பர் எங்கடா?” என்றேன்.

“வளைவுல நிக்கிதுணா” என்றான். “கொழந்தயும் பொன்னியும் வூட்ல கீறாங்க.”

பாய் எழுந்து நாற்காலியைத் துடைத்து, “உட்காருங்க” என்றார். நான் அவன் முகத்தையும் பாய் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பாய் தானே டீக்கடைக்குப் போய் டீ வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தபோதுதான் இது வேறு ‘ங்க’ என்று புரிந்தது. நான் வெட்கப்படாமல் அழுதேன்.

பம்பரைக் கொண்டுவரச் சாமியார் ஆள் அனுப்பினார். தொலைந்த பொருளைத் தேடிக் கொடுக்கிறவர் அந்தோனியார்; அவரையே தேடிக்கொண்டு ஆள் போக வேண்டியதாயிற்று. போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பொன்னியின் சொந்தக்காரர்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சுற்றிக் கல் அடுக்கிவிட்டிருந்தார்கள். அடுத்த மாதம் யாரோ மெழுகுவர்த்தி வைத்தார்கள். அதற்கடுத்து எலுமிச்சம்பழம். பஸ் டிரைவர்கள் அந்த வளைவில் ஹாரன் அடித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஆரோக்கியராஜ் மறு லீவுக்கு வந்தபோது எங்கள் எல்லோருக்கும் உதறல். சாமியார் கூரையை மறந்துவிட்டு, அவனை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று பிரசங்கமே தயார் செய்திருந்தார். மேலே கூட்டிக்கொண்டு போனோம். குங்குமமும் மெழுகும் வழிந்த தன் பம்பரை அவன் பார்த்தான். “வண்டில இருந்திருந்தா எப்.சி.க்குக் கழட்டச் சொல்லிடுவானுங்க, சாமி. இங்க எவன் கழட்டுவான்?” என்றான். கூரையும் போட்டுக் கொடுத்தான்.

அவன் சொன்னதுதான் நடந்தது. இரும்பு பம்பரே கூடாது என்று சட்டம் வந்தது. வருஷா வருஷம் எப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சோதனைக்கு முன்னால் பம்பரைக் கழற்றி எங்கள் பட்டறையில் மாட்டிவிட்டுப் போவார்கள், சர்டிபிகேட் வாங்கியதும் வந்து மாட்டிக்கொள்வார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஆனால் வெள்ளையன் வண்டி மட்டும் எந்த மழையிலும் எந்த வளைவிலும் நிற்பதில்லை என்று மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள். “சாமியார் வண்டிக்குப் போட்டீங்களே, அந்த வெட்டு போடுங்க” என்பார்கள். பம்பர் எங்கே என்றால், பம்பர் எதற்கு என்பார்கள். என் தொழிலில் நான் அதிகமாகச் செய்தது அந்த வெட்டுதான். ஒரு பொருள் பொருந்துவதற்காகப் போட்ட வெட்டை, அந்தப் பொருள் இல்லாத வண்டிகளுக்கெல்லாம் போட்டே என் வீட்டைக் கட்டினேன். பாய் போய்ச் சேர்ந்தார். எனக்கும் கை நடுங்க ஆரம்பித்ததும் கிரைண்டரை வைத்துவிட்டேன்.

இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் சாலை போடுகிறவர்களிடமிருந்து ஒரு சூப்பர்வைசர் தம்பி வந்தான். நல்ல பிள்ளை, வெயிலில் கறுத்துப்போயிருந்தான். பாதையை அகலப்படுத்துகிறார்களாம். அந்த வளைவில் தடுப்புச் சுவர் எழும்பிவிட்டதாம். பம்பரின் ஒரு முனை சுவர் போகிற வழியில் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். அதைப் பெயர்த்து நகர்த்த ஊர்க்காரர்கள் விடவில்லை. முனையை மட்டும் பதமாக வெட்டிக் கொடுக்கவாவது ஆள் வேண்டும் என்று கேட்டதற்கு யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்து, அன்றைக்கு வெட்டாத பம்பரை வெட்டக் கூப்பிடுகிறார்கள். சரி, பார்த்துவிட்டு வருவோம் என்று கிரைண்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

வளைவில் வெள்ளையன் முன்னமே வந்து நின்றிருந்தான். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் பள்ளிக்கூட யூனிபார்மில் அவன் மகள், அப்பாவைவிட உயரமாக. பம்பரில் துரு ஏறியிருந்தாலும் எழுத்து ஒன்றும் போகவில்லை. இடப்பக்க முனைதான் சுவரில் இடித்தது. வெட்டினால் ‘புனித’ போய்விடும். சூப்பர்வைசர் தம்பி சங்கடத்தோடு, “எழுத்து போனா பரவால்லீங்களா?” என்று பொதுவாகக் கேட்டான்.

நான் வெள்ளையனைப் பார்த்தேன். புளி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று இதே கேள்வியை என்னிடம் கேட்டு அழுதவன் அவன்தான்.

அவன் என் கையிலிருந்த கிரைண்டரை வாங்கிக் கீழே வைத்தான். “பம்பர்ல கை வெக்காதீங்கணா” என்றான். “செவுத்த வெட்டுங்க.”

சூப்பர்வைசர் தம்பி என்னைப் பார்த்தான். நான் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, புதுச் சுவரின்மேல் கோடு போட்டேன். பிறகு எல்லோரையும் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.